ஒயில் விளக்கு எதை அளக்கிறது

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து கிளம்பும் பழைய டொல்பின் வான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்து மதியம், கச்சான் காற்று அனலாக வீசுகிறது. கொக்கட்டிச்சோலையில் ஆள் ஏற்றி, மண்முனைப் பாலம் தாண்டி, ஆரையம்பதி கடந்து, காத்தான்குடி நெரிசலில் ஊர்ந்து கல்லடிக்கு வந்து நிற்கிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்திய பிறகு, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் ஒயில் குவளைப் படம் சிவப்பாக மினுங்குகிறது. அக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. சாரதி இறங்கி டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார். மேல் கோடு வரை ஒயில் இருக்கிறது. "ஒயில் காணும்தானே, லைட்லதான் பிழை" என்று முடிவு கட்டிப் புறப்படுகிறார்.

இப்படி முடிவு கட்டிப் புறப்பட்டவர்களின் எஞ்சின்கள் பல, கராஜ் தரையில் பிரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஒயில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியவே தெரியாது. அது பார்ப்பது அமுக்கத்தை. அதையும் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் எல்லையை வைத்துத்தான் பார்க்கிறது. ஒயில் நிரம்பியிருக்கும் எஞ்சினிலும் அமுக்கம் விழலாம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தர்க்கம்தான்.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒயில் பில்டருக்கு அருகே, ஒற்றை வயர் மாட்டிய சிறு குமிழ் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதுதான் ஒயில் சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய தகடும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. ஒயிலின் அமுக்கம் சுருள்வில்லை வெல்லாதவரை மின்தொடுகைகள் ஒட்டியிருக்கும். விளக்கின் மின்சாரம் எஞ்சின் உடல் வழியாகப் பற்றறிக்குத் திரும்பும், விளக்கு எரியும். அமுக்கம் ஏறித் தகட்டைத் தள்ளியதும் தொடுகை விலகி விளக்கு அணையும். பெரும்பாலான கார்களில் இந்த எல்லை 0.2 முதல் 0.5 பார் வரை. கராஜ் கணக்கில் சொன்னால் 3 முதல் 7 பி.எஸ்.ஐ. நாம் டயருக்கு அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ.க்குக் கிட்ட இருக்கும். அதில் கால்பங்குகூட இல்லாத அமுக்கத்தில்தான் இந்த விளக்கு விழித்துக்கொள்கிறது.

ஜப்பான் பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றின் கைந்நூல், நன்றாகச் சூடேறிய பிறகு 3,000 சுற்றில் ஏறத்தாழ 2.5 பாருக்குக் குறையாத அமுக்கத்தைக் கேட்கிறது. அந்த வேகத்தில் 0.8 பார்தான் இருக்கிறதென்றால் எஞ்சின் பட்டினி கிடக்கிறது. ஆனால் விளக்கு எரியாது. ஆகவே விளக்கு அணைந்திருப்பதை நலத்துக்கு அத்தாட்சியாக எடுக்கக்கூடாது. அது எரியும்போதோ, கோளாறு பல மாதமாக வளர்ந்து முடிந்திருக்கவும் கூடும்.

அமுக்கம் எங்கிருந்து வருகிறது? பம்ப் அமுக்கத்தை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. பம்ப் செய்வதெல்லாம் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஒயிலைத் தள்ளுவது மட்டும்தான். தள்ளப்பட்ட ஒயில் ஒடுக்கமான இடுக்குகளில் புகமுடியாமல் முட்டும்போதுதான் அமுக்கம் பிறக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பில் நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பூட்டி, வழியெல்லாம் ஓட்டை விழ விட்டுப் பாருங்கள். பம்ப் முன்போலவே இரையும். கடைசி வரம்பில் நிற்கும் மிளகாய்க் கன்றுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. பம்பில் குறை ஏதும் இல்லை, போகும் வழி தளர்ந்துவிட்டது.

எஞ்சினுக்குள் அந்த வழி இப்படிப் போகிறது. அடியிலுள்ள சம்பில் ஒயில் தேங்கியிருக்கும். வலை பொருத்திய உறிஞ்சுகுழாய் அதை மேலே இழுக்கும். பம்பைத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சிய அமுக்கத்தைத் திருப்பி விடும் வால்வு, பிறகு பில்டர், பிறகு பிளாக்கின் நீளத்துக்குத் துளையிட்ட பிரதான வாய்க்கால். அதிலிருந்து கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும், கிராங்கினுள் துளைத்த வழியாகக் கனெக்டிங் ரொட் பேரிங்குகளுக்கும், கடைசியாக மேலே கேம் தண்டுக்கும் ஒயில் பிரிந்து போகிறது. இங்கே பேரிங் என்றால் குண்டு உருளும் பேரிங் அல்ல. உருக்கு முதுகில் மென்மையான கலப்புலோகம் பூசிய, பிறை வடிவான இரண்டு தகடுகள். அவற்றுக்கும் தண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி புதிய எஞ்சினில் 0.03 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பாதியும் இல்லை.

அந்த இடைவெளியில் நடப்பதை மனிதன் கண்டுபிடித்த விதம் தற்செயலானது. இலண்டனில் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய முதல் அறிக்கை 1883இல் வெளிவந்தது. சுழலும் அச்சின் மேல் ஒரு பித்தளைப் பேரிங், அதன் மேல் பாரம், அச்சின் அடிப்பாகம் ஒயிலில் தோய்ந்திருக்கும். மேலிருந்தும் ஒயில் விடலாமே என்று பேரிங்கின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்று போட்டார். அச்சு சுழன்றதும், விட நினைத்த துளை வழியாக ஒயில் மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார்; அதுவும் மெல்ல மெல்ல வெளியேறியது. கடைசியில் அங்கே ஓர் அமுக்கமானியைப் பூட்டினார். 200 பவுண் வரை காட்டக்கூடிய அந்தக் கருவியின் முள் எல்லையைத் தாண்டியது. பேரிங்கின் மீது அவர் ஏற்றியிருந்த சராசரிப் பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்தான்.

அந்த அமுக்கத்தை எந்தப் பம்பும் தரவில்லை. சுழலும் அச்சே ஒயிலைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஒடுங்கிப்போகும் இடுக்கில் திணித்து, பாரம் முழுவதையும் தூக்கி வைத்திருந்தது. உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. மூன்று வருடம் கழித்து, 1886இல், மன்செஸ்டரில் இருந்த ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் இதற்கான சமன்பாட்டை எழுதினார். இவ்வகைத் தகட்டுப் பேரிங்கில் சுற்றும் கிராங்க் தண்டுகளின் வடிவமைப்பு இன்றைக்கும் அந்தச் சமன்பாட்டில்தான் நிற்கிறது. தோற்றுப்போன ஒரு தக்கையிலிருந்து ஒரு துறையே பிறந்ததை நினைக்கும்தோறும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

எஞ்சினில் எரிபொருள் எரிந்து வெடிக்கும் கணத்தில் பேரிங்கினுள் ஒயில் படலத்தின் அமுக்கம் பல நூறு பாருக்கு ஏறும். அதைத் தாங்குவது பம்ப் தரும் 3 அல்லது 4 பார் அல்ல, தண்டின் சுழற்சிதான். பம்பின் வேலை அந்தப் படலத்துக்குத் தொடர்ந்து ஒயில் கொண்டுவந்து கொடுப்பதும், கசிந்து போனதை நிரப்புவதும், சூட்டை எடுத்துச் செல்வதும். இந்த வரத்து நின்றால் படலம் கிழிகிறது. 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் தண்டு நொடிக்கு 50 தடவை சுற்றுகிறது. படலம் இல்லாமல் அது சுற்றும் ஒவ்வொரு சுற்றும் உலோகத்தில் உலோகம் தேய்க்கும் சுற்று. "அடுத்த சந்தி வரைக்கும் போய்ப் பார்ப்பம்" என்பதற்குள் சில ஆயிரம் சுற்று ஓடிவிடும். பழுத்த மெக்கானிக்கிடம் போன் போட்டால் வரும் முதல் பதில் இதனால்தான் இப்படி இருக்கும்: "எஞ்சின நிப்பாட்டு மனே, மறுகா பார்ப்பம்."

இனி நமது வானுக்கு வருவோம். ஓடும்போது அணைவதும் நிற்கும்போது எரிவதும் ஏன்? இரண்டு கணக்குகள் இங்கே சேர்கின்றன. முதலாவது சூடு. 15டபிள்யூ-40 வகை ஒயில் 40 பாகை செல்சியஸில் காட்டும் பாகுத்தன்மை சுமார் 110 அலகு. 100 பாகையில் அது 14 சொச்சத்துக்கு விழுந்துவிடுகிறது, ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. கச்சான் வெயிலில், ஏசி போட்டு, நெரிசலில் ஊரும் வானின் சம்ப் ஒயில் அந்த நூறைத் தாராளமாகத் தாண்டும். இரண்டாவது தேய்மானம். இடுக்கு வழியாகக் கசியும் ஒயில், இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். 0.03 மில்லிமீற்றர் இடைவெளி தேய்ந்து 0.06 ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. மெல்லிய ஒயில், அகன்ற இடுக்கு, அதோடு 700 சுற்றில் குறைவாகத் தள்ளும் பம்ப். விளக்கு எரிகிறது. மிதித்தால் பம்ப் கூடுதலாகத் தள்ளுகிறது, அமுக்கம் எல்லையைத் தாண்டுகிறது, விளக்கு அணைகிறது. தேய்ந்த பேரிங்கின் அடையாளம் இது.

எல்லாக் கோளாறும் இப்படி வெளிப்படுவதில்லை. விளக்கு எப்போது எரிகிறது என்று கவனித்துச் சொல்லும் சாரதி மெக்கானிக்குக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார். வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் மினுங்கினால் ஒயில் மட்டம் குறைந்து, சாயும் ஒயில் உறிஞ்சுகுழாயை விட்டு விலகுகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில நொடி எரிந்து அணைந்தால் பில்டரைச் சந்தேகிக்கலாம். இரவில் ஒயில் கீழே வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு மலிவான பில்டர்களில் சீக்கிரம் கெட்டுவிடும். எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி அமுக்கம் குறைந்திருந்தால், திருப்பிவிடும் வால்வு ஒரு துகளில் சிக்கித் திறந்தே நிற்கலாம், அல்லது பம்பே தேய்ந்திருக்கலாம். மெதுவாகச் சுற்றும்போது நன்றாக இருந்து, வேகமெடுத்துக் கொஞ்சத் தூரம் ஓடியதும் எரிந்தால் உறிஞ்சுகுழாயின் வலை அடைத்திருக்கிறது. வேகத்துக்கு வேண்டிய ஒயிலை இழுக்க அதற்கு வழியில்லை. கல்லடியில் நின்ற வானின் அடையாளத்துக்கு இது நேர் எதிர். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் செலவு முழுவதும் வீண்.

வலை அடைவது நம்மூரில் மிகச் சாதாரணம், அதற்குக் காரணமும் உண்டு. சம்ப் கழற்றி மாட்டும்போது சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசுகிறார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது காய்ந்து, நூல் நூலாகக் கழன்று வலையில் போய்ச் சேரும். ஒயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போட்டால் படியும் கறுப்புக் களியும் அங்கேதான் தங்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாவற்றோடும் ஒயில் விலையும் ஏற, தவணை பிந்தாத வாகனம் அபூர்வமாகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு தனியார் கார்களுக்கு மறுபடி வழிவிட்டது 2025 தொடக்கத்தில். அந்த இடைக்காலம் முழுவதும் நாடு பழைய எஞ்சின்களில்தான் ஓடியது. சில டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்டரின் செம்பு வொஷர் கசிந்து, எரிந்த புகைக்கரி சம்புக்கு இறங்கி வலையை அடைப்பதும் உண்டு. அங்கே வலையை மட்டும் கழுவி அனுப்பினால் வண்டி திரும்பி வரும்.

வாவிக்கரையின் நிலமும் நீரும் தம் பங்கைச் செய்கின்றன. வயல் வீதியில் துருத்திய கல் ஒன்று சம்பை உள்ளே நெளித்தால் ஒரு சொட்டு ஒயிலும் ஒழுகாது; வெளியே பார்த்தால் சிறு பள்ளம். ஆனால் உறிஞ்சுகுழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் இடையே விட்டிருந்ததே ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர்தான். அந்த நெளிவு வாயைப் பொத்திவிடும். கார்த்திகை, மார்கழி மழையிலோ கதை வேறு. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வீதி எது குளம் எது என்று தெரியாத நாட்கள் அவை. அப்படி நீர் ஏறிய எஞ்சினில் டிப் ஸ்டிக்கை உருவினால் ஒயில் கலங்கிய வெண்பழுப்பில், நுரைத்த குழம்பாக வரும். அதை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. நீர் கலந்த ஒயிலால் படலம் கட்ட முடியாது. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று சுவிட்சின் வயர் முனையைப் பச்சைக் களிம்பு பிடிக்கவைத்து அரிக்கும். வயர் அறுந்துபோனால் விளக்கு எரியாது, எப்போதும் எரியாது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. சாவியைத் திருப்பி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமுன் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு காலையிலும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சோதனையின் ஒழுங்கு எளிது. சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி இட்டு எடுக்க வேண்டும். மட்டம் மட்டுமல்ல, மணத்தையும் பார்க்க வேண்டும்: பெற்றோல் மணம் அடித்தால் ஒயில் நீர்த்திருக்கிறது. பிறகு கீழே குனிந்து கசிவு தேட வேண்டும். அண்மையில் பில்டர் மாற்றியிருந்தால், பழைய பில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கில் ஒட்டியபடி இருக்க, அதன் மேலேயே புதியது பூட்டப்பட்டிருக்கலாம். இரட்டை வளையம் ஓடும்போது பிதுங்கி, சில நிமிடத்தில் ஒயில் முழுவதும் வீதியில் போய்விடும். அடுத்தது வயர். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சின் வயரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் வயர் நல்லது. அணையாவிட்டால் வயர் எங்கோ உரசி உடலில் முட்டுகிறது, எஞ்சினில் கைவைக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் பல கராஜ்களில் பிழை நடக்கிறது. சுவிட்ச் மலிவு, ஆகவே முதலில் அதை மாற்றிப் பார்ப்போம் என்கிறார்கள். சில நேரம் புதிய சுவிட்சின் எல்லை பழையதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும், விளக்கு அணைந்துவிடும், எல்லாருக்கும் மகிழ்ச்சி. அமுக்கம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். சுவிட்சைக் கழற்றிய அதே துளையில் ஒரு கேஜைத் திருகிப் பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜப்பான் கார்களில் அந்தத் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலக் கூம்புப் புரி, அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்க முறைக் கேஜ்களில் 27. கிட்டத்தட்டப் பொருந்துவதுபோலத் தோன்றும். பலவந்தமாக முறுக்கினால் அலுமினியப் பிளாக்கின் புரி போய்விடும். சரியான இணைப்பைப் போட்டு, குளிரில் ஒருமுறை, இரேடியேற்றர் விசிறி ஓடும் அளவுக்குச் சூடான பிறகு ஒருமுறை, மெதுவான சுற்றிலும் 3,000 சுற்றிலும் அளந்து, கைந்நூலோடு ஒப்பிட வேண்டும். நான்கு எண்கள். அவை கையில் இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை.

தடித்த ஒயில் ஊற்றி விளக்கை அணைக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20டபிள்யூ-50 ஊற்றினால் கேஜின் முள் ஏறும், அது உண்மை. முன்பு நாம் பார்த்தபடி அமுக்கம் என்பது ஓட்டத்துக்கு வரும் தடை. தடையைக் கூட்டினால் அமுக்கம் கூடும், ஓட்டம் கூடாது. பேரிங்குக்குத் தேவைப்படுவது ஓட்டம். பழைய எஞ்சினுக்கு, வெப்ப நாட்டுக்கு அந்தத் தரத்தைக் கைந்நூலே அனுமதித்திருந்தால் தாராளமாக ஊற்றலாம், தவறில்லை. 0டபிள்யூ-20க்கு என்று செய்த ஹைபிரிட் எஞ்சினில் அதை ஊற்றினால், மெல்லிய வாய்க்கால்களும் ஒயிலால் இயங்கும் வால்வு நேர அமைப்பும் தடுமாறும். வாகனம் விற்பதற்கு முதல் நாள் இப்படி ஊற்றி வாங்குபவரை ஏமாற்றுவதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஏமாறுகிறவர் அந்த வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மகியங்கனை வளைவுகளில் ஏறப்போகிறவர்.

கேஜும் குறைவு என்று சொல்லிவிட்டால் சம்பைக் கழற்றுவதற்கு முன் பழைய பில்டரை வெட்டிப் பார்ப்பது நல்லது. அதன் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் உண்மை தெரியும். கறுப்பு மட்டும் என்றால் வெறும் அழுக்கு. பொடிப்பொடியாக மினுங்கினால் பேரிங் தகட்டின் மேற்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் தேய்வு இரண்டாம் அடுக்குக்குப் போய்விட்டது. மினுக்கம் இல்லையென்றால் சம்பைக் கழற்றி வலையைச் சுத்தம் பண்ணி, உறிஞ்சுகுழாயின் ரப்பர் வளையத்தை மாற்றி, பம்பின் பற்களுக்கு இடையே பீலர் கேஜ் விட்டு அளந்து, வால்வு தடையின்றி நகர்கிறதா என்று பார்த்தால் போதும். மினுக்கம் இருந்தால் பேரிங் மூடிகளைத் திறந்தாக வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூலைத் தண்டின் மேல் வைத்து மூடியை உரிய முறுக்கில் இறுக்கித் திறந்தால், நசுங்கிய நூலின் அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். தண்டில் கீறல் இல்லாவிட்டால் புதிய தகடுகள் போதும். கீறல் இருந்தால் தண்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி அரைத்து, அதற்கேற்ற தடிப்பான தகடு போட வேண்டும். தண்டை அரைக்காமல் புதுத் தகடு போட்டால் அந்தத் தகடும் சீக்கிரமே பழையதன் வழியில் போகும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. பம்பும் வாய்க்கால்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. புதிய பில்டரில் ஒயிலை நிரப்பிப் பூட்டி, டீசல் என்றால் எரிபொருளை நிறுத்தும் சொலனோயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, பெற்றோல் என்றால் எரிபொருள் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுற்ற வேண்டும், இடையிடையே அதை ஆறவிட்டு. எரியாத எஞ்சினில் பேரிங் மேல் பாரம் குறைவு. கேஜின் முள் அசையும் வரை இப்படியே சுற்றலாம். முள் ஏறிய பிறகு வயரையும் பியூஸையும் மாட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடாக்கி, அந்த நான்கு எண்களையும் மறுபடி எடுக்க வேண்டும். ஒயிலின் தரம், மீற்றரில் உள்ள கிலோமீற்றர், திகதி எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி வண்டிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். கேஜைக் கழற்றிச் சுவிட்சைத் திருகி, முனையை உப்புத்தாள் போட்டுச் சுத்தம் பண்ணி வயரை மாட்டியதும், சாவியைத் திருப்பினால் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒயிலையும் பில்டரையும் மாற்றி, கழற்றிய பில்டரை வெட்டி வெயிலில் ஒருமுறை பாருங்கள். வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாமல் கலனில் சேர்த்து வையுங்கள். நகரத்துக் கான்கள் போய் விழுவது வாவியில்தான்.